ஸ்லைடு ஃபிலிம் சொதப்பினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நெகட்டிவ் ஃபிலிமில் ஏதாவது பிசகினால், பிரிண்ட் போடுகிறவரோ ஸ்கேன் செய்கிறவரோ பாதியைச் சரிக்கட்டிவிடுவார். ஸ்லைடில் அப்படி இடையில் யாரும் இல்லை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கடைசிப் படமும். எக்ஸ்போஷர், வெளிச்சத்தின் நிறம், கெமிக்கல், ஃபிலிமின் பிறவிக் குணம் என்ற நான்கில் எது தவறினாலும் உடனே கண்ணில் தெரியும். ஆனால் நான்கில் எது தவறியது என்பதுதான் சட்டென்று பிடிபடாது. பெரும்பாலானவர்கள் லேபைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் ஃபிலிமைத் திட்டுவார்கள். என் கணக்கில் பாதிக்கு மேல் குற்றம் இரண்டிலும் இல்லை. அந்த வெளிச்சத்துக்கு அந்த ஃபிலிமைப் போட்டதுதான் குற்றம்.

இன்று புதிதாகக் கிடைக்கிற கலர் ஸ்லைடு என்றால் முக்கியமாக ஃபூஜியின் வெல்வியா, புரோவியா 100எஃப், கோடாக்கின் எக்டாக்ரோம் ஈ100 ஆகியவைதான். எக்டாக்ரோமை 2012-இல் நிறுத்தி, 2018-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் பழைய ஸ்டாக். மூன்றுக்கும் ஈ-6 என்ற ஒரே கெமிக்கல் முறைதான் என்பதால் டெவலப் செய்யும்போது வரும் தவறுகள் எல்லாவற்றுக்கும் பொது. தனித்தனியாக இருப்பது ஒவ்வொன்றின் பலவீனம் மட்டுமே.

முதலில் ஓரம், அப்புறம் படம்

ரோல் வந்ததும் வெட்டி மவுண்ட் போட்டுவிடாதீர்கள். முழு நீளத்தை லைட் பாக்ஸில் வைத்து, துளைகள் இருக்கிற ஓரத்தைப் பாருங்கள். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அந்த ஓரத்தைத் தொடுவதில்லை. ஸ்லைடில் வெளிச்சம் படாத இடம் கறுப்பாக வரவேண்டும். ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்களும் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை, அவை பளிச்சென்று தெரியவேண்டும்.

ஆக, ஓரம் நல்ல கறுப்பு, எழுத்து பளிச்சென்றால் டெவலப்பிங் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். படத்தில் உள்ள கோளாறு கேமராவில் நடந்தது. ஓரமே பழுப்பாகவோ பச்சையடித்தோ இருந்தால், அல்லது எழுத்து மங்கியிருந்தால், கேமராவை விட்டுவிட்டுக் கெமிக்கலையும் ஃபிலிமின் வயதையும் சந்தேகியுங்கள். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் சோதனை.

முழு ரோலும் கறுப்பு, அல்லது முழு ரோலும் கண்ணாடி

முழுக் கறுப்பு, ஆனால் எழுத்து பளிச்சென்றிருக்கிறது: ஃபிலிமில் வெளிச்சமே படவில்லை. ஃபிலிமின் முனை ஸ்பூலில் மாட்டாமல் வெறுமனே சுற்றியிருக்கும், அல்லது ஷட்டர் திறக்கவில்லை. அடுத்த ரோலில், லிவரை இழுக்கும்போது ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்தால் போதும்.

முழுக் கறுப்பு, எழுத்தும் இல்லை: முதல் டெவலப்பர் வேலை செய்யவில்லை. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக்கி ஒதுக்கிவைப்பது முதல் டெவலப்பர். மிச்சமிருக்கும் உப்புதான் அடுத்த கட்டத்தில், கலர் டெவலப்பரில் சாயமாகிறது. முதல் கட்டம் நடக்காவிட்டால் உப்பு முழுவதும் சாயமாகி, ஃபிலிம் முழுக்கக் கறுத்துப்போகும்.

முழுக் கண்ணாடி, எழுத்தும் இல்லை: டெவலப் ஆவதற்கு முன்பே ஃபிலிம் முழுவதும் வெளிச்சத்தில் பட்டிருக்கிறது, அல்லது வீட்டில் செய்தபோது கலர் டெவலப்பருக்கு முன்னால் ப்ளிக்ஸை (வெள்ளியை அகற்றும் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த கரைசலை) ஊற்றியிருக்கிறார்கள். புட்டிகளில் பெரிய எழுத்தில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.

படங்கள் நெகட்டிவாக வந்து, நிறங்கள் கோரமாக இருக்கின்றன: ரோல் கலர் நெகட்டிவுக்கான சி-41 கெமிக்கலில் போய்விட்டது. கலர் நெகட்டிவுக்கே உரிய ஆரஞ்சுப் பூச்சு அடியில் இருக்காது, அதை வைத்து அடையாளம் காணலாம். இதைத் திருப்ப முடியாது. ஸ்கேன் செய்து தேற்றியதைத் தேற்றிக்கொள்ளலாம். ரோலைக் கொடுக்கும்போது உறையின் மேல் ஈ-6 என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

படம் இருட்டாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களும் அதிகம். நெகட்டிவ் பழகிய கைக்கு இங்கே எல்லாம் தலைகீழ்: ஸ்லைடில் இருட்டு என்றால் எக்ஸ்போஷர் குறைவு, வெளிறல் என்றால் எக்ஸ்போஷர் கூடுதல். முதல் டெவலப்பரில் நேரம் குறைந்தாலும் படம் இருட்டும்.

ஓரத்து எழுத்தும் சேர்ந்து மங்கியிருக்கிறதா? அப்படியானால் இரண்டே சாத்தியம். ஒன்று, ப்ளீச் சரியாக நடக்காமல் வெள்ளி உள்ளேயே தங்கிவிட்டது. அப்போது நிறமெல்லாம் சேறு பூசியதுபோல் இருக்கும், கண்ணாடிபோல் இருக்கவேண்டிய எழுத்தும் சாம்பல் கலந்து தெரியும். இது நல்ல செய்தி. அதே ஃபிலிமைப் புது ப்ளீச்சிலும் ஃபிக்ஸரிலும் மறுபடி போட்டெடுத்தால் படம் தெளிந்துவிடும். ஒழுங்காக டெவலப் ஆன ஃபிலிமுக்கும் அதனால் கெடுதல் இல்லை, ஆகவே தயங்காமல் முதலில் இதைச் செய்துபாருங்கள். அதற்கும் தெளியாவிட்டால் இரண்டாவது: முதல் டெவலப்பர் குளிர்ந்திருந்தது, நீர்த்திருந்தது அல்லது நேரம் போதவில்லை. ஈ-6 முறையில் முதல் டெவலப்பருக்கு 38 டிகிரி செல்சியஸ், 6 நிமிடம். அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 0.3 டிகிரிதான். வீட்டில் செய்கிறவர்கள் கெமிக்கலை மட்டும் சூடாக்கிவிட்டு, ஃபிலிமைப் போடும் டாங்கியை மறந்துவிடுவார்கள். குளிர்ந்த டாங்கியில் ஊற்றிய நிமிடமே சூடு இறங்கிவிடும். டாங்கியையும் ரீலையும் ஊற்றுவதற்கு முன் வெந்நீர்த் தொட்டியில் ஊறவைப்பதே இதற்கு மருந்து. மற்றக் கட்டங்களில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஈ-6 பொறுத்துக்கொள்ளும், முதல் டெவலப்பர் மட்டும் பொறுக்காது.

எழுத்து பளிச்சென்றிருந்து படம் மட்டும் இருட்டு என்றால் கேமராவுக்கு வாருங்கள். எல்லாப் படமும் ஒரே அளவு இருட்டா, சில மட்டுமா? எல்லாமும் என்றால் ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தவறாக வைத்திருப்பீர்கள், அல்லது மீட்டர் பழுது. சில மட்டும் என்றால் எவை என்று பாருங்கள். வெயிலில் மணல், பனி, பெரிய வெள்ளைச் சுவர், ஃபிரேமில் பாதியை அடைத்த வானம் இருக்கும் படங்கள் என்றால், மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்திருக்கிறது. ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இருந்தால், விவரம் வேண்டும் என்று நினைக்கிற மிக வெளிச்சமான இடத்தை அளந்து, அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டி எடுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரு மடங்காக்குவது). நிழல் எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும். ஸ்லைடுக்கு மீட்டர் பார்ப்பதில் வேறு தந்திரம் பெரிதாக இல்லை.

சில படங்கள், அதுவும் நிழல் பகுதி மட்டும் தார்போல் அடைத்துக்கொண்டால், அது வெல்வியாவின் குணம். ஸ்லைடுகள் எல்லாமே சுமார் 5 ஸ்டாப் வித்தியாசத்தைத்தான் ஒழுங்காகத் தாங்கும். வெல்வியா அதிலும் கெட்டி (காண்ட்ராஸ்ட் அதிகம்), நிழல் சட்டென்று கறுத்துவிடும். 1990-இல் வந்ததிலிருந்தே பலர் வெல்வியா 50-ஐ ஐ.எஸ்.ஓ. 40 என்று வைத்து எடுக்கிறார்கள். மூன்றில் ஒரு ஸ்டாப் கூடக் கிடைப்பது நிழலுக்கு நல்லது. ஆனால் வெள்ளை மேகம் இருக்கும் படத்தில் அதே மூன்றில் ஒரு ஸ்டாப் மேகத்தைக் காவு வாங்கும். நான் மேகமூட்டத்தில் 40, கடும் வெயிலில் 50 என்பேன். கடும் வெயிலில் வெல்வியாவையே போடாதீர்கள் என்பது அதைவிட நல்ல யோசனை.

அந்தி, இரவுப் படங்கள் மட்டும் இருட்டு என்றால் அது வேறு கதை. நொடிக்கணக்கில் ஷட்டர் திறந்திருக்கும்போது ஃபிலிமின் வேகம் குறைகிறது. மூன்று ஃபிலிமும் இங்கேதான் வெகுவாகப் பிரிகின்றன. வெல்வியா 50-க்கு 1 நொடி வரை திருத்தம் வேண்டாம். 4 நொடிக்கு மூன்றில் ஒரு ஸ்டாப், 8 நொடிக்கு அரை, 16 நொடிக்கு மூன்றில் இரண்டு, 32 நொடிக்கு முழு ஒரு ஸ்டாப் கூட்டவேண்டும் என்பது ஃபூஜியின் அட்டவணை. அதாவது மீட்டர் 8 நொடி என்றால் நீங்கள் 11 நொடிக்குக் கொஞ்சம் மேல் வைக்கவேண்டும், 32 என்றால் 64. 64 நொடியை மீட்டரே கேட்டால் எடுக்கவேண்டாம் என்கிறது அட்டவணை. நேரத்தைக் கூட்டினாலும் பச்சை ஏறும் என்பதால் மஜெந்தா ஃபில்டரும் வேண்டும்: 4 நொடிக்கு 5 அலகு, 32 நொடிக்கு 12.5. ஃபில்டரும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்னும், அதற்கு மறுபடி நேரம் கூட்டவேண்டும். இத்தனை கணக்கும் எதற்கு? புரோவியா 100எஃப் 128 நொடி வரை எந்தத் திருத்தமும் கேட்பதில்லை. வேகமும் இரு மடங்கு. எக்டாக்ரோம் ஈ100 10 நொடி வரை சும்மா இருக்கும். அந்தியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துகிறவர் புரோவியா போடட்டும், வெல்வியா பகலுக்கு இருக்கட்டும்.

வானம் வெள்ளை, தரை சரி

வெளிறிய இடத்தில் ஃபிலிம் வெறும் கண்ணாடிதான். அங்கே சாயமே இல்லை, எந்த ஸ்கேனரும் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. வானத்துக்கும் தரைக்கும் 3 ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் போடுங்கள், அல்லது வெயில் சாயும் வரை காத்திருங்கள். இரண்டும் முடியாதென்றால் அந்தக் காட்சிக்கு நெகட்டிவ்தான் சரி. சிலர் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்து, ஜேபெக்கில் வெள்ளை வெடிக்காத அளவை ஸ்லைடுக்கும் வைக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் இரண்டு கேமரா தூக்கவேண்டும்.

ஃபிரேம் முழுக்க வெளிறி ஓரம் மட்டும் கறுப்பாக இருந்தால் பழைய கேமராவில் ஷட்டரோ அபர்ச்சரோ சிக்குகிறது. ஓரமும் சேர்ந்து வெளிறியிருந்தால் முதல் டெவலப்பரில் நேரமோ சூடோ கூடிவிட்டது.

நிறம் சாய்கிறது

மரநிழலில் எடுத்த முகம் நீலம்: அங்கே வெயில் இல்லை, நீல வானம் மட்டுமே விளக்கு. நம் கண் அதைத் திருத்திக்கொள்ளும். 5500 கெல்வினுக்குச் செய்த ஃபிலிம் திருத்தாது. மூன்றிலும் எக்டாக்ரோம் ஈ100 இதில் சற்றுக் கூடுதலாகக் குளிர்ச்சி காட்டும். நீலத்தைக் குறைக்கும் 81ஏ ஃபில்டர் ஒன்று பையில் இருந்தால் பெரும்பாலும் தீர்ந்தது, இழப்பு மூன்றில் ஒரு ஸ்டாப்தான். வெல்வியாவில் அதே நிழல் ஊதாவாக வரும். பாறை, சாலை, சாம்பல் சுவர் இவற்றில் நன்றாகவே தெரியும்.

முகம் சிவந்து, சூடுபட்டதுபோல் இருக்கிறது: வெல்வியாவில் ஆளைப் படம் எடுத்திருக்கிறீர்கள். அதற்கு ஃபில்டர் மருந்து இல்லை. தோலுக்கென்றே ஃபூஜி ஆஸ்டியா வைத்திருந்தது, அதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. இப்போது ஆட்களுக்கு ஈ100 நல்லது, அடுத்தது புரோவியா. வெல்வியா 100-ஐ 50-க்கு மாற்றாக நினைத்து வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிவப்பு அதில் இன்னும் தூக்கும். சூரிய உதயம் நெருப்பாக எரியும், அதற்காகவே விரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

வீட்டுக்குள் எல்லாம் ஆரஞ்சு: இழை விளக்கின் வெளிச்சம். முன்பு 3200 கெல்வினுக்கென்றே தனி ஸ்லைடு ஃபிலிம் வந்தது, இப்போது யாரும் செய்வதில்லை. 80ஏ நீல ஃபில்டர் திருத்தும், ஆனால் 2 ஸ்டாப் போய்விடும். 100 ஃபிலிம் 25 ஆகிவிடுகிறது. டியூப் லைட்டில் வரும் பச்சைக்கு மஜெந்தா சாய்ந்த எஃப்.எல்.-டி ஃபில்டர். எல்.இ.டி. விளக்குகளுக்கு நிச்சயமான ஃபில்டர் என்று ஒன்று இல்லை, ஒவ்வொன்றும் ஒரு விதம். வீட்டுக்குள் ஃபிளாஷ் போடுவது சுலபம்.

எல்லாப் படத்திலும், ஓரத்துக் கறுப்பிலும்கூட ஒரே சாயல் இருந்தால் வெளிச்சத்தைக் குறை சொல்லாதீர்கள். கலர் டெவலப்பரின் காரத்தன்மை மாறியிருக்கிறது, அல்லது கெமிக்கல் பழசு. அதே லேபில் இன்னொருவர் ரோலும் அன்றைக்கு அப்படியே வந்திருக்கிறதா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

கறுப்பு கறுப்பாக இல்லை, பொரி தெரிகிறது

ஓரம் பழுப்பாகி மெலிந்திருந்தால் இரண்டில் ஒன்று: ஃபிலிம் காலாவதி, அல்லது தள்ளி டெவலப் செய்தது. 100 ஃபிலிமை 200 என்று வைத்து எடுத்து, முதல் டெவலப்பரில் சுமார் 2 நிமிடம் கூட்டுவதுதான் தள்ளுவது. கூட்டக் கூட்டக் கறுப்பு மெலியும், காண்ட்ராஸ்ட் ஏறும், பொரி (படத்தில் தெரியும் மணிமணியான புள்ளிகள்) பெருகும். புரோவியா 2 ஸ்டாப் வரை மானத்தோடு தாங்கும். ஈ100-க்கு ஒரு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்ளலாம். வெல்வியா ஏற்கெனவே கெட்டி, அதைத் தள்ளினால் நிழலும் இல்லை வெள்ளையும் இல்லை என்றாகிவிடும்.

பழைய ஸ்டாக்கில் நெகட்டிவ் ஆட்கள் சொல்கிற ‘பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு’ என்ற கணக்கை ஸ்லைடுக்குக் கொண்டுவராதீர்கள். காலத்தால் ஏறிய மூட்டம் ஸ்லைடில் கறுப்பைத்தான் தின்கிறது. அதன்மேல் எக்ஸ்போஷரையும் கூட்டினால் படம் கழுவிப்போகும். குளிர்பெட்டியில் இருந்த ரோல் என்றால் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணையே நம்புங்கள். வெயிலில் கிடந்தது என்றால் முக்கியமான எதையும் அதில் எடுக்காதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரோலை உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடிய டப்பாவிலேயே ஓரிரு மணி நேரம் வையுங்கள், உறைபெட்டியில் இருந்தது என்றால் இன்னும் அதிகம்.

கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, ஸ்கேனில் மட்டும் கெடுகிறது

லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து லைட் பாக்ஸில் பாருங்கள். நிழலுக்குள் இலை, கல் எல்லாம் தெரிகிறதா? அப்படியானால் ஃபிலிமில் இருப்பதை ஸ்கேனரால் எடுக்க முடியவில்லை. ஸ்லைடின் கறுப்பு 3.5-க்கும் மேற்பட்ட அடர்த்திக்குப் போகும். சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனர் பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் நடைமுறையில் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. நிழலில் கோடுகளும் நிறப் புள்ளிகளும் வந்தால் அதுதான் காரணம். தனி ஃபிலிம் ஸ்கேனரில் கொடுங்கள், அல்லது டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, ஒரே ஸ்லைடை இரண்டு மூன்று எக்ஸ்போஷரில் எடுத்துச் சேருங்கள். இந்தச் சிக்கல் வெல்வியாவில் அதிகம், ஈ100-இல் குறைவு. ஸ்கேன் மட்டும்தான் நோக்கம் என்றால் ஈ100 எடுத்து நிறத்தை அப்புறம் ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய கோடாக்ரோம் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்யும்போது, அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஈ-6 ஃபிலிமின் சாயத்தை ஊடுருவிப்போகிற அந்த ஒளி கோடாக்ரோமில் தடுக்கப்படுவதால், படத்தின் விவரத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

புரொஜெக்டரில் ஃபோகஸ் நழுவுகிறது

போட்ட சில நொடியில் படம் மங்கினால் விளக்கின் சூட்டில் ஃபிலிம் வளைந்துவிட்டது. கண்ணாடியில்லா மவுண்டில் இது நடக்கும். ஸ்லைடு சூடேறி நின்றபின் ஃபோகஸ் வையுங்கள், அல்லது கண்ணாடி மவுண்டுக்கு மாறுங்கள். கண்ணாடியில் வானவில் வளையங்கள் தெரிந்தால் நியூட்டன் வளையம். அதைத் தடுக்க ஒரு பக்கம் நுண்ணிய சொரசொரப்புள்ள கண்ணாடி கிடைக்கிறது. காட்டக் காட்ட நிறம் வெளிறுவது எல்லா ஸ்லைடுக்கும் உண்டு. இருட்டில் வைத்தால் பல தலைமுறை தாங்குகிற கோடாக்ரோம்தான் புரொஜெக்டர் விளக்கில் சீக்கிரம் களைத்துப்போகிறது.

ஓரத்துத் துளைகளிலிருந்து படத்துக்குள் வெளிச்சம் கசிந்தால்

ரோலின் முதல் சில ஃபிரேமில் மட்டும் என்றால் பாலியெஸ்டர் அடி உள்ள ஃபிலிமாக இருக்கலாம். வான்வழிப் படத்துக்குச் செய்ததை வெட்டிச் சுருட்டி விற்ற ஸ்லைடுகளில் இதைப் பார்க்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு வழியாக வெளிச்சம் உள்ளே ஓடும். நிழலில் மாற்றுங்கள், கறுப்பு டப்பாவிலேயே வையுங்கள். ரோல் முழுக்க ஒரே இடத்தில் கசிந்தால் கேமராவின் பின்கதவுப் பஞ்சு உதிர்ந்திருக்கிறது.

பழைய கோடாக்ரோம் ரோல் ஒன்று கிடைத்திருக்கிறது

எடுத்து முடித்து, டெவலப் செய்யாமல் கிடக்கிற ரோலா? ஈ-6-இல் கொடுத்துவிடாதீர்கள். கோடாக்ரோமில் சாயத்துக்கான பொருள் ஃபிலிமுக்குள் கிடையாது, டெவலப்பர்களில்தான் இருந்தது. ஈ-6-இல் போட்டால் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளி முழுவதையும் எடுத்துக்கொண்டு வெற்றுப் பிளாஸ்டிக்கைத் திருப்பித் தரும். அதன் முதுகில் இருக்கிற கறுப்புப் பூச்சு கரைந்து லேபின் மெஷினையும் நாசமாக்கும். கோடாக் இந்த ஃபிலிமை 2009-இல் நிறுத்தியது. அதற்கான கே-14 முறையைக் கடைசியாக வைத்திருந்த கான்சஸ் மாநில லேப், 2010 முடிவோடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. இனி அந்த ரோலில் கிடைக்கக்கூடியது கறுப்பு வெள்ளைப் படம்தான். அதைக் கறுப்பு வெள்ளையாக டெவலப் செய்து பழக்கமுள்ளவரிடம், இது கோடாக்ரோம் என்று சொல்லியே கொடுங்கள்.